உங்களுக்குத் தெரியுமா? பதினோரடி அறையும் ஆறடிக் கட்டிலும்
பல்லடம் வட்டாரத்தில் வீடு கட்டப் புகும் கிருஹஸ்தர்கள், கொத்தனாருக்குச் சொல்லியனுப்புமுன்பே, பஞ்சாங்கங்களில் அச்சாகிவரும் மனையடி சாஸ்திரத்தைப் புரட்டி, 8, 10, 11, 16 ஆகிய அடிகள் சுபமென்றும், 9-ம் 12-ம் ஆகாவென்றும் நிச்சயித்துக்கொள்வது இன்றும் காணக்கூடியதே. அறையின் உள்ளளவே இதில் கணக்கு. பலனை நம்புவது அவரவர் சித்தம்.

எட்டு யவம் (வாற்கோதுமை மணி) ஓர் அங்குலம், 24 அங்குலம் ஒரு முழம் என்று பிரமாணம் வகுத்தது மயமதம் என்னும் பழைய சிற்ப சாஸ்திரம். நாமோ அறையை மட்டும் சாஸ்திரோக்தமாக அளந்துவிட்டு, சாமான்களைக் கண்ணளவில் வாங்கிவிடுகிறோம்.

கடையின் விசாலத்தில் அடக்கமாகத் தோன்றிய, ஆறரை அடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள கட்டிலை, 11-க்கு 10 அடி அறையில், தலைமாடு பத்தடிச் சுவரோடு சேரும்படி நடுவே போட்டால், பக்கத்துக்கு இரண்டடியும் கால்மாட்டில் நாலரை அடியுமே மிஞ்சும். அங்கே இரண்டடி ஆழமுள்ள பீரோவும் வந்து நின்றுவிட்டால், அதன் கதவைத் திறக்கவும், திறந்தவர் நிற்கவும், மற்றவர் கடந்து போகவும் சேர்த்து இரண்டரை அடிதான். ஐந்தடி அகலக் கட்டிலாயின் பக்கத்துக்கு அரையடி கூடும். படுக்கை விரிப்பவருக்கு முழங்கை சுவரில் இடிக்காது.