மண்டபத்தைக் குளிர்விக்கும் ஈரக்காற்று

மண்பானையில் ஊற்றிவைத்த நீர் குளிர்ந்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே கவர்ந்துகொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். வடநாட்டில் வாயில்தோறும் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளித்ததும், இன்று நாம் ஏர்கூலர் என்று வழங்கும் கருவியும் இவ்வொரு தத்துவத்தின் இரு வடிவங்களே. கூலரில் சிறு பம்பு ஒன்று நீரை இறைத்து, மரச்சீவல் மெத்தையின் மீதோ தேன்கூடு போன்ற அட்டையின் மீதோ வழியவிடுகிறது. விசிறி அதனூடே காற்றை இழுத்து வீசுகிறது.

சென்னையில் வாழ்ந்து பழகிய நம்மில் பலருக்கு இக்கருவியில் நம்பிக்கை இல்லை. அதற்குக் காரணமும் உண்டு. காற்று எத்துணை வறண்டுள்ளதோ அத்துணையே குளிர்ச்சி. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே இம்முறையால் காற்றைக் குளிர்விக்க இயலாது. நல்ல கூலர் அவ்வெல்லையை நோக்கி முக்கால் பங்கு தூரம் செல்லும். சென்னையில் 36 டிகிரி வெப்பமும் 55 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பிற்பகலில் அந்த எல்லை 28 டிகிரிக்குச் சற்று மேல். ஆகவே நமக்குக் கிடைப்பது 30 டிகிரிக்கு மேற்பட்ட, ஈரம் செறிந்த காற்று. வியர்வையும் எளிதில் உலராது.

கடலுக்குத் தொலைவில், சுமார் 3,000 அடி உயரத்தில் அமைந்த பெங்களூரின் நிலை வேறு. 2016 ஏப்ரலில் இங்கு வெப்பம் 39.2 டிகிரியையும், 2024 ஏப்ரலில் 38.5 டிகிரியையும் தொட்டது. எனினும் கோடைப் பிற்பகலில் காற்று பெரும்பாலும் வறண்டிருக்கும். 37 டிகிரி வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில் எல்லை சுமார் 20 டிகிரி. கூலர் தரும் காற்று சுமார் 25 டிகிரி. நாகபுரியிலும் ஜெய்ப்பூரிலும் வாழும் நம்மவரும் பருவமழை வரும்வரை இந்நன்மையைப் பெறலாம்.

இனி, திருமணம், சங்க விழா போன்றவை நிகழும் பெரிய மண்டபத்தைக் கருதுவோம். சக்கரம் வைத்த பெரிய கூலர்களை வாடகைக்கு எடுத்து, நடுவே நிறுத்தி, ஏர் கண்டிஷனர் அறையைப்போலக் கதவுகளை அடைத்துவிடுவோர் உண்டு. அதே காற்று மீண்டும் மீண்டும் ஈரமேறி, சிறிது நேரத்தில் மண்டபம் சென்னையாகிவிடும்! கூலரின் பின்புறம் திறந்த சன்னலையோ வாயிலையோ நோக்கியிருத்தல் வேண்டும். எதிர்ப்புறச் சன்னல்கள் திறந்திருத்தல் வேண்டும். சமையற்கட்டின் அருகே வைத்தால் புகையும் உள்ளே வரும்.

60 அடி நீளம், 40 அடி அகலம், 15 அடி உயரமுள்ள மண்டபத்தின் கொள்ளளவு 36,000 கன அடி. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை காற்று முழுதும் மாற, நிமிடத்துக்கு 12,000 கன அடி காற்று வேண்டும். வாடகைக்கு எடுக்குமுன் ஒவ்வொரு கருவியும் தரும் காற்றின் அளவைக் கேட்டறிந்து, எத்தனை கருவிகள் வேண்டுமெனக் கணக்கிடுதல் நன்று. காற்று வெளியேற எதிர்ப்புறத்தில் சுமார் 24 சதுர அடித் திறப்பு வேண்டும்.

மின்செலவு ஏர் கண்டிஷனருக்கு ஆவதில் சிறு பகுதியே. ஆனால் தண்ணீர்ச் செலவை மறக்கலாகாது. மேற்சொன்ன மண்டபத்தில் மணிக்கு ஏறத்தாழ 100 லிட்டர் ஆவியாகும். ஐந்து மணி நேர விழாவுக்கு 500 லிட்டர். வறண்ட காற்று வீசும் மாதங்களே தண்ணீர் அரிதாகும் மாதங்களும் ஆகும். 2024 மார்ச்சில் பெங்களூர்க் குடிநீர் வாரியம், வாகனம் கழுவவும் தோட்டத்துக்கு ஊற்றவும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதமும் அறிவித்தது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றிக் கொணரப்படும் காவிரி நீர் அது.

ஆதலின், முதலில் வெப்பத்தைக் குறைப்பதே அறிவுடைமை. மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறம் தட்டி கட்டுதல், கூரைக்கு வெள்ளையடித்தல், வெப்பம் உமிழும் விளக்குகளை நீக்குதல் ஆகியவை நீர் கேளாத வழிகள். பெங்களூர் வட்டாரத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் குழல்விளக்குகளுக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்குகள் பொருத்தியபோது, வெப்பம் மிக்க நாட்களில் நேரும் உற்பத்திக் குறைவு தணிந்தது என்பதை 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

கோடைமழை பெய்த மாலையில் பம்பை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓட்டுக; ஈரக்காற்றில் நீரைச் செலவிடுவது வீண். உப்பு மிக்க கிணற்றுநீராயின் மெத்தையில் உப்புப் படியும். தொட்டி நீரை அவ்வப்போது மாற்றுக. தேங்கிய நீரில் டெங்குக் கொசு வளருமாதலின், வாரம் ஒருமுறையேனும் தொட்டியைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி உலர்த்துக. கூலரை ஓட்டுமுன் காற்றின் ஈரத்தையும் தொட்டியின் நீரையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்போமாயின், விருந்தினரும் குளிர்வர். அண்டை வீட்டாரின் குடத்துக்கும் நீர் எஞ்சும்.