கடல்நீர் குடிநீராகும்போது எஞ்சும் உவர்நீர்



யாழ்ப்பாண மாவட்டத்துத் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரவல்ல கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. கோடையில் கிணற்றில் உவர் ஏறக் கண்ட திருகோணமலைக் கரையோரத்தாரும் இம்முறையின் நன்மை தீமைகளை அறிந்திருத்தல் நன்று.

முறை யாது?

கடல்நீரைக் காய்ச்சி வடித்தல் ஒரு முறை. பேரமுக்கத்தில் நுண்ணிய சவ்வின் ஊடாகச் செலுத்தி வடித்தல் மற்றொன்று. எம்முறையிலும் உப்பு அழிவதில்லை. நூறு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 3½ கிலோ உப்பு உண்டு. அதிலிருந்து 40 லீற்றர் நன்னீர் பெறப்பட்டால், அவ்வுப்பு முழுவதும் எஞ்சிய 60 லீற்றரிலேயே தங்கும்.

கடலுக்கு நேரும் தீங்கு

இந்நீர் கடல்நீரிலும் பாரமானது. ஆகவே அடியில் தாழ்ந்து படியும். அலையும் நீரோட்டமும் குறைந்த களப்புகளில் விடப்பட்டால் கடற்புல்லும் மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் பாதிக்கப்படும். தம்பலகாமம் போன்ற ஒடுங்கிய குடாக்களில் இதனை விடுதல் தகாது. நீரோட்டமுள்ள ஆழ்கடலில், பல துளைகளுடைய குழாய்வழி பரப்பி விடுதலே முறை.

நிலத்திற்கு நேரும் தீங்கு

இந்நீரில் ஆயிரம் லீற்றரை வயலில் விடுபவர் 58 கிலோ உப்பை அங்கே கொட்டுகின்றார். உவரைத் தாங்கும் ஏ.ரி. 354 நெல்லும் இதனைத் தாங்காது. மண் இறுகும், அயற்கிணறும் கெடும்.

பயன்படுத்தும் வழி

நிலாவெளி, குச்சவெளிப் பகுதிகளில் உப்பளத் தொழில் பழக்கமானதே. செறிந்த நீரைப் பாத்திகளில் தேக்கினால், கடல்நீரிலும் விரைவாக உப்பு விளையும். முதலில் சுண்ணமும் பின்னர் ஜிப்சமும் படியும். அதன்பின்னரே கறியுப்பு விளையும். இறுதியில் நிற்கும் கசப்புநீரில் மகனீசிய உப்புகள் மிகுதி. அதனை வயல் வாய்க்காலில் திறந்துவிடலாகாது.

கிணற்றுநீர் வடிகட்டிகள்

ஊர்களிலுள்ள குடிநீர் வடிகட்டிகள் கழிக்கும் நீரில் உப்பு மிகக் குறைவு. எனினும் கிணற்றுநீரில் இருந்ததைப் போல் ஏறக்குறைய இருமடங்கு உப்பு அதில் இருத்தல் கூடும். ஆகையால்:

1. மின்கடத்துதிறனைச் சோதிப்பித்த பின்னரே பாய்ச்சுக.
2. போஞ்சி, வெங்காயம், மிளகாய்ப் பாத்திகளுக்கு விடாதீர்கள்.
3. நீர் வடியும் மணலில் நிற்கும் தென்னைக்கு, சோதனை இடந்தருமாயின், அளவோடு விடலாம்; மாரி மழை அவ்வுப்பைக் கழுவ இடம்விடுக.
4. கிணற்றின் அருகே தேங்க விடாதீர்கள்.

ஒரு போகத்தில் உவர்ப்பட்ட நிலம் திருந்தப் பல போகங்கள் செல்லும். ஐயம் எழின், நீரைத் திறக்குமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்டறிவீர்களாக.