பேட்டைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து வெளியே வரும் சி.என்.சி. ஆபரேட்டருக்கு ஒன்பதாம் வகுப்பு அளவீட்டுப் பாடம் தலைகீழ்ப் பாடம். அதில் வரும் வெர்னியரும் திருகு அளவியும் அவர் தினமும் கையில் எடுப்பவை. அதே தெருவில் வளரும் எத்தனையோ பிள்ளைகளுக்கு அவை புத்தகத்தில் பார்த்த படங்கள்தான்.

அரசு கைகட்டி நிற்கவில்லை. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8ஆம் வகுப்பு வரை அறிவியல், கணிதச் செய்முறைகளைப் பள்ளிக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம். தொடங்கியபோது 13,210 பள்ளிகளுக்கு 710 கருத்தாளர்கள். ஆளுக்குப் பதினெட்டுப் பள்ளிக்கு மேல். மறுநாள் எழும் சந்தேகத்தைக் கேட்க அவர் அங்கே இருக்கமாட்டார்.

வழிகாட்டி அதிகம் தேவைப்படுவது எட்டாம் வகுப்புக்குப் பிறகுதான். பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஐ.டி.ஐ.யா, பாலிடெக்னிக்கா, பிளஸ் 1-இல் எந்த குரூப் என்று முடிவெடுக்க வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால், கணக்குக்குப் பயந்து வேறு குரூப் எடுத்த பிள்ளைக்கு அது பெரும்பாலும் எட்டாது. இதை உரிய நேரத்தில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை. மூளை இல்லை என்பதல்ல.

ஆட்களுக்கு இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, பூந்தமல்லியைத் தாண்டினால் திருமழிசைத் தொழிற்பேட்டை, நடுவே பாலிடெக்னிக்குகள். பள்ளிக்குப் போய் வழிகாட்ட, தொழிற்சாலை தன் ஊழியருக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை மதியம் விடுப்புக் கொடுக்கட்டும். பாலிடெக்னிக் ஆய்வகத்தைத் திறந்துவிடட்டும். பள்ளி ஓர் அறையும், உடனிருக்க ஓர் ஆசிரியரும் தந்தால் போதும்.

ஒரு திருகு அளவியைக் கொண்டுபோய், மாணவியின் தலைமுடி ஒன்றை அதில் வைத்துப் பாருங்கள். ராட்செட் கிளிக்கென்றதும் அளவைப் படிக்கச் சொல்லுங்கள்: 0.07 மி.மீ. என வரலாம். பக்கத்தில் இருப்பவளுக்கு 0.05. அடுத்த நிமிடம் வகுப்பே முடியைப் பிடுங்கிக்கொண்டு வரிசையில் நிற்கும். தசம எண் அங்கேதான் புரியும்.

ஒருநாள் விழா, பேனர், புகைப்படம் எல்லாம் வேண்டாம். ஓராண்டு முழுக்க அதே ஆள், அதே பிள்ளைகளிடம் வர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை; இதை அங்கே அவர்களே முன்வைக்கலாம். அடுத்த கூட்டத்துக்கு முன் தலைமை ஆசிரியரைப் பார்த்து, உங்களால் எந்தச் சனிக்கிழமை வர முடியும் என்று சொல்லுங்கள்.