மலைமண்ணில் ஒரு வீடு – 6
கற்பதற்கு எங்கே போவது?

மண்ணால் வீடு கட்டுவது கற்றுச் செய்ய வேண்டிய தொழில். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில், வரிசை வீடுகளான லயங்களின் காம்பராவை விட்டுத் தனிக்காணியில் வீடு கட்டும் குடும்பங்களுக்கு அத்தொழில் பயன்படும். அத்திவாரம் வெட்டும்போது கிடைக்கும் மண்ணிலேயே கல் அறுத்துக்கொண்டால், மலைப்பாதையில் கல்லும் மணலும் ஏற்றி வரும் செலவு குறையும்.

முதற்பாடம் காணியைப் பற்றியது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. சரிவு பிழையானால் எந்தச் சுவரும் நிற்காது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நுவரெலியா உள்ளிட்ட மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்துள்ளது. காணிக்கான இடர் மதிப்பீட்டு அறிக்கையையும் அதனிடமே பெறலாம்.

இரண்டாம் பாடம் மண். தேயிலை வேர் ஓடிய கறுத்த மேல்மண்ணில் இலைதழை மக்கியிருப்பதால் அது கல்லுக்கு ஆகாது. அதற்குக் கீழுள்ள மண்ணே வேண்டும். கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் விட்டு, நன்றாகக் குலுக்கி வைத்தால், கற்குறுணியும் மணலும் உடனே அடியில் தங்கும். வண்டல் அதன்மேல் மெல்லப் படியும். களி படிய ஒரு நாளும் ஆகலாம். படிந்த அடுக்குகளின் உயரமே மண்ணின் கலவையைக் காட்டிவிடும். களி மிகுந்தால் கல் காயும்போது வெடிக்கும். அதற்கு மணல் சேர்க்க வேண்டும்.

கலவைக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வுகள் வழிகாட்டும். அங்கு உருவான மண் கொங்கிரீட்டில் மண்ணிலுள்ள சிறுகற்களே சல்லியின் வேலையைச் செய்கின்றன. சிறுகல் 30 முதல் 35 வீதம், மணல் 55 முதல் 60 வீதம், நுண்மண் 10 வீதத்துக்கு மேற்படாமல், சீமெந்து குறைந்தது 4 வீதம் என்பது அதன் அளவு. கலவையை அச்சில் ஊற்றினாலே போதும், அழுத்த இயந்திரம் தேவையில்லை. இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் மண்கல்லுக்கு 2009இல் வெளியான எஸ்.எல்.எஸ். 1382 என்ற தரநிர்ணயம் உண்டு. அதை இலங்கை கட்டளைகள் நிறுவனத்தில் வாங்கலாம்.

கைப்பழக்கத்துக்குத் தமிழ்நாட்டிலுள்ள ஆரோவில் மண் கட்டடக் கழகம் நல்ல இடம். 1989இல் தொடங்கிய இக்கழகம் மண் தெரிவு, கல் அழுத்துதல், வளைவுக் கூரை ஆகியவற்றில் குறுகியகாலப் பயிற்சி தருகிறது. படித்து அறிய விரும்புவோருக்கு, கேரளத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் தாமே படம் வரைந்து எழுதிய சிறுநூல்கள் எளியவை. ஊபனும் கியோவும் எழுதிய மண் கட்டுமானப் பெருநூல் பொறியியல் மாணவர்களுக்கு ஏற்றது.

சமவெளியில் கற்றதை மலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது கடைசிப் பாடம். சீமெந்து கலந்த மண்கல் நான்கு வாரம் ஈரத்தில் பதப்பட வேண்டும் என்பதால், மூடுபனி அதற்குத் தீங்கு செய்யாது. சீமெந்தில்லாப் பச்சைக்கல்லோ மலைக்குளிரில் எளிதில் காயாது. மழை குறைந்த மாதங்களில் கூரைக்கடியில் அடுக்கி உலர்த்த வேண்டும். சுவரை நிலமட்டத்துக்கு மேலே எழுப்பிய கருங்கல் அடித்தளத்தில் தொடங்குவதும், கூரையை அகல நீட்டுவதும், மேட்டுப்பக்க மழைநீரைக் கானில் திருப்பிவிடுவதும் இங்கே கட்டாயம்.

(தொடரும்)