நன்னூலார் வகுத்த கல்விக் கணக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் ஆராயப் புகுமுன், பாடஞ் சொல்லும் முறையையும் கேட்கும் முறையையும் பாயிரத்தில் விரித்துரைக்கின்றது. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் காண்டிகையுரை கண்ட நூல் இது. ஆயினும், இலக்கணத்துள் நுழையும் அவசரத்தில் மாணவர் பலர் பாயிரத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

அங்கே ஒரு கணக்கு உண்டு. ஆசிரியர் உரைத்ததை மாணாக்கன் முற்றக் கேட்டு உள்ளத்திற் கொண்டாலும், அவன் பெறும் புலமை காற்பங்கே. உடன் கற்பாரோடு பயிலும்போது இன்னொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கோ, கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் வருவது.

இது மிகைக்கூற்றுப் போலத் தோன்றலாம். பொன்னும் குடமும் புணர்ந்து பொற்குடமாகும் என்பதைப் படித்தவன், வல்லினம் வந்தால் னகரம் றகரமாகும் என்று ஒப்புவித்துவிடுவான். அதையே தம்பிக்குச் சொல்லிக்கொடுக்க அமர்கின்றான். “அப்படியானால், ‘பொன் பெரிது’ என்பது ஏன் மாறவில்லை?” என்று தம்பி கேட்கின்றான். அங்கும் வருவது வல்லினந்தானே! அப்பொழுதுதான் வேற்றுமைப் புணர்ச்சி வேறு, அல்வழிப் புணர்ச்சி வேறு என்பதை அண்ணன் உண்மையாக உணர்கின்றான். கேட்கும்போது உறங்கிக் கிடந்த ஐயம், சொல்லும்போது விழித்துக்கொண்டது.

திண்ணைப் பள்ளிகளிலே மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்க்குப் பாடஞ் சொன்னான். சென்னை எழும்பூரிலே படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுத்தெழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறு செய்விக்க முயன்றார், உதவியாசிரியர்கள் இணங்கவில்லை. எனவே ஒரு சிறுவனையே ஆசிரியனாக்கினார். முயற்சி பலித்தது. 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையால் அது ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்றுப் பரவிற்று.

ஆனால் இங்கிலாந்திலே அம்முறையைப் பலர் விரும்பியதற்குக் காரணம் சிக்கனம். ஓராசிரியரைக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் படிப்பிக்கலாம் அல்லவா? சட்டாம்பிள்ளை தனக்குச் சொன்னதைத் திருப்பிச் சொன்னான். இளையவர் அதைக் கூட்டமாக ஒப்புவித்தனர். குறுக்கே கேள்வி கேட்கும் தம்பிக்கு அந்த நீண்ட மண்டபத்தில் இடமில்லை. 1846இல் அந்நாட்டு அரசு, வளர்ந்த மாணவரை ஐந்தாண்டு பயிற்றி ஆசிரியராக்கும் வேறொரு முறைக்குப் பொருளுதவி செய்யத் தொடங்கியது. பழைய முறை மெல்ல மெல்ல வழக்கொழிந்தது.