கேஜ் யார் கையில்?

அமெரிக்க மத்தியச் சட்டத்தின் கணக்கில், ஏ.ஆர்-15 ரக ரைஃபிளில் துப்பாக்கி என்பது ஒரே ஒரு பாகம்தான். லோயர் ரிசீவர் என்று பெயர். விசையும் மேகசினும் உட்காருகிற அலுமினியக் கூடு. தூக்கிப் பார்த்தால் கால் கிலோ இருக்கும். வரிசை எண் அதில்தான் பொறித்திருக்கும். அதை வாங்கத்தான் உரிமம் உள்ள கடைக்குப் போய் 4473 என்ற படிவத்தை நிரப்பி, எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். தோட்டா வெடிக்கிற அறை, அதை அடைத்து நிற்கிற போல்ட், பேரல், தோளில் முட்டுக்கொடுக்கிற ஸ்டாக் எல்லாம் மத்திய அரசுக்கு உதிரிபாகங்கள். பெரும்பாலான மாநிலங்களில் கூரியரில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

வெடிப்பைத் தாங்குகிற பாகத்துக்கு எண் வேண்டாம், தாங்காத பாகத்துக்குத்தான் எண். உயர் அழுத்த வால்வுகளை அளந்து பார்த்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு இது இன்னும் செரிக்கவில்லை.

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வெர்னியர் பிடிக்கக் கற்றுக்கொண்டவன் நான். இப்போது ஹூஸ்டன் பக்கம் எண்ணெய்க் கிணறுகளுக்கு வால்வு செய்கிற கம்பெனியில் தரப் பரிசோதகன். டாலஸில் இருக்கும் என் அக்கா மகனுக்கு கிரீன் கார்டு வந்ததும் முதலில் வந்த ஆசை, ஒரு ரைஃபிளைத் தன் கையாலேயே சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது. சுடும் பழக்கம் உள்ளவன், இடக்கைக்காரன்.

“ரிச்சி ஸ்ட்ரீட்ல பிசி அசெம்பிள் பண்ற மாதிரிதான் மாமா. பார்ட் எல்லாம் ஸ்டாண்டர்டு. ஒரு சனிக்கிழமை போதும்.”

“பிசில ராம் சரியா உக்காரலைன்னா என்ன ஆகும் மாப்ளே?”

“ஆன் ஆகாது.”

“இது ஆன் ஆயிரும். அதுதான் பிரச்சினை.”

கிரீன் கார்டு வரைக்கும் அவன் காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. “ஃபிரெண்டு வாங்கி வச்சிருக்கான், நாமளும் வாங்கலாம்” என்று பேசுகிற நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதில்லை. இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை வெறும் வேடிக்கைதான். அங்கே உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி சிறைக்குப் போகிற குற்றம். அமெரிக்காவிலோ, விற்பதற்காக இல்லாமல் தன் உபயோகத்துக்கு என்றால் ஒரு தனிமனிதர் துப்பாக்கியைச் செய்துகொள்ள மத்தியச் சட்டம் உரிமம் கேட்பதில்லை.

பாகங்கள் இப்படிச் சந்தையில் கிடைப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. யூஜின் ஸ்டோனர் 1950-களில் வேலை பார்த்த ஆர்மலைட் நிறுவனம், ஃபேர்சைல்டு என்ற விமானக் கம்பெனியின் கிளை. விமானக்காரர்களிடம் இருந்த அலுமினியமும் பிளாஸ்டிக்கும் துப்பாக்கிக்குள் வந்தது அப்படித்தான். அதுவரை ரைஃபிள் என்றால் மரமும் எஃகும். ஸ்டோனரின் ஏ.ஆர்-10-ஐச் சிறிதாக்கியபோது ஏ.ஆர்-15 பிறந்தது. 1959-இல் உரிமையை கோல்ட் நிறுவனம் வாங்கியது. ராணுவத்துக்குப் போனது எம்-16 ஆனது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரே ஒரு தோட்டா போகும்படி மாற்றிய வடிவம் 1964-இல் பொதுமக்கள் கடைக்கு வந்தது. வெடித்த வாயுவில் ஒரு பங்கு பின்னால் வந்து, காலிக் கூட்டைத் துப்பிவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்றி வைக்கும். அது போக வேண்டுமென்றால் விசையை விட்டு மறுபடி அழுத்த வேண்டும். இதைத்தான் செமி ஆட்டோமேட்டிக் என்கிறோம். அந்த வாயு அமைப்புக்கு ஸ்டோனர் வாங்கிய காப்புரிமை 1977-இல் காலாவதியானது. அதன்பிறகு யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானது. மேல் பாதி, கீழ் பாதி இரண்டையும் இரண்டே பின்கள் சேர்த்துப் பிடிக்கிற வடிவமாக இருந்ததால், ஒருவர் மேல் பாதி செய்தார், ஒருவர் கீழ் பாதி செய்தார், இன்னொருவர் ஸ்பிரிங் மட்டும் செய்தார். 1994-இல் இந்த ரகத்தின் மீது வந்த மத்தியத் தடை 2004-இல் காலாவதியானதும் சந்தை மடை திறந்துகொண்டது.

சரி, பாகங்கள் ஸ்டாண்டர்டுதானா? இங்கேதான் மருமகனோடு எனக்கு வாதம் முற்றியது. ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஸ்டாக்கைத் தாங்குகிற பின்பக்கக் குழாய் இரண்டு அளவில் விற்கிறது. ஒன்று ராணுவ அளவு, வெளிவிட்டம் 1.148 அங்குலம். மற்றொன்று வணிக அளவு, 1.168 அங்குலம். வித்தியாசம் அரை மில்லிமீட்டர். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். தப்பான ஸ்டாக்கை வாங்கினால் ஒன்று ஏறாது, அல்லது கடகடவென்று ஆடும். இதில் ஆபத்து இல்லை, எரிச்சல்தான். வாயுக் குழாயிலும் கார்பைன், மிட், ரைஃபிள் என்று நீளங்கள் உண்டு. அதற்குப் பொருந்தாத ஸ்பிரிங்கும் எடையும் சேர்ந்தால் துப்பாக்கி சில சமயம் அடுத்த தோட்டாவை ஏற்றாது, சில சமயம் தேவைக்கு மேல் உதைக்கும். தொழிற்சாலையில் இந்தச் சேர்மானத்தை ஒரு பொறியாளர் சுட்டுப் பார்த்து முடிவு செய்திருப்பார். வீட்டில் கட்டுகிறவர், தான் வாங்கிய ஐந்து கம்பெனிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் கட்டுகிறார்.

ஆபத்து இருப்பது வேறு இடத்தில். தோட்டா அறைக்குள் உட்கார்ந்ததும், அதன் பின்பக்கத்தைத் தாங்குகிற போல்டின் முகத்துக்கும், முன்பக்கத் தோள் முட்டுகிற இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதுதான் விஷயம். ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். குறைந்தால் போல்ட் மூடாது. கூடினால் பித்தளைக் கூடு வெடிக்கும்போது நீண்டு கிழியலாம். .223 ரெமிங்டன் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை நிர்ணயித்திருக்கிற உச்ச அழுத்தம் 55,000 பி.எஸ்.ஐ. நம் கார் டயரில் 35 இருக்கும். அந்த அழுத்தம் உண்டாகிற இடத்திலிருந்து கன்னம் ஒரு சாண் தள்ளி இருக்கிறது.

இதைச் சரிபார்க்க மைக்ரோமீட்டர்கூட வேண்டாம். இரண்டு கேஜ் போதும். ‘கோ’ கேஜைப் போட்டால் போல்ட் மூட வேண்டும், ‘நோ-கோ’ போட்டால் மூடக் கூடாது. பட்டறையில் பதினெட்டு வயதில் எனக்குக் கொடுத்த முதல் வேலையே கோ, நோ-கோ பார்ப்பதுதான். பேரல் ஒரு கம்பெனி, போல்ட் இன்னொரு கம்பெனி என்றாலும் பெரும்பாலும் சரியாகவே சேரும். அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை எங்கள் கம்பெனியில் ஒரு ரிப்போர்ட்டில் எழுதினால் என் வேலை போய்விடும்.

மருமகனிடம் கேஜ் இல்லை. வாங்குகிற யோசனையும் இல்லை. “நல்ல பிராண்டு மாமா, மில்-ஸ்பெக்” என்றான். மில்-ஸ்பெக் என்ற எழுத்தைப் பெட்டியில் அச்சடிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். ராணுவத்துக்குப் போகிற போல்டை அதிக அழுத்தத் தோட்டாவால் ஒருமுறை சுட்டு, பிறகு காந்தத் துகள் சோதனையில் விரிசல் தேடுவார்கள். கடையில் விற்கிறவற்றில் சிலவற்றுக்கு ஒவ்வொன்றாக அந்தச் சோதனை நடக்கிறது, சிலவற்றுக்கு ஒரு தொகுதியில் மாதிரிக்கு நடக்கிறது, சிலவற்றுக்கு எதுவும் இல்லை. எழுத்து மூன்றிலும் ஒன்றே.

தொழிற்சாலையில் கட்டியது என்றால் அரசாங்கம் பார்த்துக்கொண்டிருக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் துப்பாக்கியை விற்பதற்கு முன் அதிக அழுத்தத்தில் சுட்டு முத்திரை குத்துவது சட்டக் கட்டாயம். லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637 முதல் இருக்கிறது, பர்மிங்காமில் சோதனைச் சாலை 1813-இல் வந்தது. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் கிடையாது. பொம்மையிலிருந்து ரொட்டி சுடும் மெஷின் வரை திரும்பப் பெறச் சொல்கிற நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கி மீது அதிகாரம் இல்லை. ஆக, கம்பெனி தன் பெயருக்காகவும் வழக்குக்குப் பயந்தும் செய்கிற பரிசோதனைதான் உண்டு. 2005-இல் வந்த சட்டம், துப்பாக்கியைக் குற்றவாளிகள் பயன்படுத்தியதற்காகக் கம்பெனி மீது வழக்குப் போடுவதைப் பெரும்பாலும் தடுக்கிறது. ஆனால் பொருளில் குறை இருந்து கை போனால் வழக்குப் போடலாம். முழு ரைஃபிளுக்குக் கொடுக்கிற விலையில், பதில் சொல்ல ஒரு முகவரி இருப்பதும் சேர்த்தி. ஐந்து கம்பெனி பாகங்களை ஒருவர் தன் மேசையில் சேர்த்தால், ஐந்து பேரும் மற்ற நால்வரைக் கை காட்டுவார்கள். சேர்த்த கையும் கணக்கில் வரும்.

காசு மிச்சமாகுமா? மலிவு ரகத்தில் ஆகாது. தொழிற்சாலை பேரல்களை ஆயிரக்கணக்கில் வாங்குகிறது. நாம் ஒன்று வாங்குகிறோம். முழு ரைஃபிள் மீது உற்பத்தியாளர் 11 சதவீத மத்திய வரி கட்டுகிறார், தனித்தனி உதிரிபாகங்களுக்கு அந்த வரி இல்லை. அது ஒன்றுதான் கட்டுகிறவருக்குச் சாதகம். (அந்த வரிப்பணம் 1937-ஆம் வருஷச் சட்டப்படி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. மானைக் காப்பாற்றுகிறவர்களில் பெரிய நன்கொடையாளர் மானைச் சுடுகிறவர்.) டார்க் ரெஞ்ச், வைஸில் பிடிக்கிற அச்சு, கேஜ் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் மிச்சம் கரைந்துவிடும். விற்கப் போனால் இன்னும் மோசம். பெயருள்ள கம்பெனியின் ரைஃபிளுக்குப் பழைய விலை என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் சேர்த்ததைக் கடைக்காரர் பாகக் கணக்கில்தான் பார்ப்பார்.

கட்டுகிறவர்கள் எல்லாரும் விவரமில்லாதவர்கள் இல்லை. ஓஹையோவில் கேம்ப் பெரி என்ற இடத்தில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. 600 கஜம் தூரத்தில் அட்டையைச் சுடுகிற அந்தப் போட்டியாளர்களுக்கு ஆயத்த ரைஃபிள் போதாது. இன்ன பேரல், முறுக்கு இத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று, விசையின் கனம் இவ்வளவு என்று ஒவ்வொன்றையும் காரணத்தோடு தேர்ந்தெடுப்பார்கள். எங்கள் கம்பெனியில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு மெஷினிஸ்ட் அப்படிப்பட்டவர். அவர் அலமாரியில் கேஜ்கள் எண்ணெய்த் தாளில் சுற்றி இருக்கும். கட்டி முடித்ததும் எத்தனை சுற்று சுட்டார், கூடு எப்படி இருந்தது என்று நோட்டில் எழுதிவைப்பார். அவர் கட்டினால் நான் கேள்வி கேட்க மாட்டேன்.

இடக்கைக்காரர்களுக்கும் நியாயமான காரணம் உண்டு. காலிக் கூடு வலப்பக்கம்தான் பறக்கும். இடத்தோளில் வைத்துச் சுட்டால் முகத்தின் குறுக்கே போகும். அதைத் தள்ளிவிட ஒரு சிறு மேடு பின்னால் வந்த வடிவங்களில் இருக்கிறது. இடப்பக்கம் துப்புகிற மேல் பாதியையும் சிலர் செய்கிறார்கள், முழு இடக்கை ரைஃபிளாகவே விற்பவர்களும் உண்டு. மருமகனுக்கு இதைக் காட்டியதும் அவன் வாதம் பாதி இறங்கிவிட்டது.

சட்டத்தில் இன்னொரு கோணல். தனி லோயர் ரிசீவர் இன்னும் ரைஃபிள் ஆகவில்லை என்பதால், கடையில் அதை வாங்க 21 வயது வேண்டும். முழுதாகக் கட்டிய ரைஃபிளுக்கு மத்தியச் சட்டம் கேட்பது 18 தான். எங்கள் மாநிலத்திலேயே, யுவால்டியில், 2022 மே 24 அன்று 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் கொன்றவன் 18 வயது நிறைந்த சில நாட்களுக்குள் இரண்டு ரைஃபிள்களைச் சட்டப்படியே வாங்கியவன். அவனுக்கு உதிரியாக ஒரு அலுமினியக் கூட்டை அதே சட்டம் விற்க விட்டிருக்காது. வீட்டில் கட்டுகிறவர்கள் என்றாலே ஆபத்தானவர்கள் என்று சொல்கிறவர்களிடம் நான் இதை எடுத்துச் சொல்வேன். கவலைப்பட வேண்டிய தனி ரகம் ஒன்று உண்டு. முழுதாகச் செதுக்காத ரிசீவர், எண்ணும் இல்லாமல் சோதனையும் இல்லாமல் கிடைத்துக்கொண்டிருந்தது. 2022-இல் அதற்கு மத்திய அரசு விதி கொண்டுவந்தது, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அந்த விதியை நிலைநிறுத்தியது.

மருமகன் கடைசியில் தொழிற்சாலையில் கட்டிய ரைஃபிளைத்தான் வாங்கினான். ஆறு மாதத்துக்குள் விசையை மாற்றினான், கைப்பிடியை மாற்றினான். அதெல்லாம் அவன் இஷ்டம். போன வாரம் போனில், “.300 பிளாக்அவுட்டுக்கு ஒரு மேல் பாதி தனியா வாங்கட்டுமா மாமா? அதே லோயர், அதே மேகசின், அதே போல்ட்” என்றான். எல்லாம் ‘அதே’ என்பதுதான் அதில் உள்ள வில்லங்கம். அந்தத் தோட்டா .223 அறைக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடலாம். குண்டோ பேரலின் துளையைவிடப் பெரியது. சுட்டால் ரைஃபிள் வெடித்துச் சிதறும், அப்படிச் சிதறியவை இங்கே பல உண்டு. வாங்கினால் மேகசினுக்கு வேறு நிறம், தோட்டாவுக்கு வேறு பெட்டி, ரேஞ்சுக்கு ஒரு நாளில் ஒன்றை மட்டும் கொண்டுபோவது என்று மூன்று நிபந்தனை போட்டேன்.

“சரி மாமா. ஆனா கம்பெனில சான் ஹோசேக்கு மாத்தறாங்க போல.”

கலிபோர்னியா இந்த ரகத்துக்கு 1989-லேயே தடை போட்ட மாநிலம். அவனுடைய ரைஃபிளில் இப்போது இருக்கிற ஸ்டாக்கும் கைப்பிடியும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. அங்கே ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசு என்று சொல்லியிருக்கிறேன்.