குறை எங்கே பிறக்கிறது?

புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் முன்னர்க் கருங்கல் வெட்டி எடுக்கும் இடங்கள் இருந்தன. மலாய் மொழியில் ‘பாத்தோக்’ என்பதற்கு இருமல் என்று பொருள். பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தபோது எழுந்த ஓசை, குன்று இருமுவதைப் போல் கேட்டதால் அப்பெயர் வந்தது என்று கூறுவோர் உண்டு. இன்று அங்கே வெடிச்சத்தம் கேட்பதில்லை. கல் வெட்டிய பள்ளங்களுள் ஒன்று ‘லிட்டில் குய்லின்’ என்று அழைக்கப்படும் அழகிய பூங்காவாக மாறிவிட்டது. வீவக அடுக்குமாடி வீடுகளுக்கு அருகிலேயே தொழிற்கூடங்கள் நிறைந்த கட்டடங்களும் இருக்கின்றன.

இத்தகைய தொழிற்கூடங்களிலிருந்து ஒவ்வொரு நாளும் பொருள்கள் வெளியே செல்கின்றன. அவற்றை வாங்குவோர், பொருள் குறையின்றி இருக்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது யார்? அதற்குரிய அறிவை அவர்கள் எங்கிருந்து பெறுகிறார்கள்?

நமத்துப்போன முறுக்கு

எடுத்துக்காட்டாக, முறுக்கு செய்து பையிலிட்டு விற்கும் ஒரு சிறிய தொழிற்கூடத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். சில பைகளில் உள்ள முறுக்கு நமத்துப்போய்விட்டது என்று கடைக்காரர்கள் புகார் செய்கிறார்கள். மேற்பார்வையாளர் கோபம் அடைகிறார். காலையில் வேலை செய்யும் ஊழியரின் கவனக்குறைவே காரணம் என்று முடிவு செய்கிறார். அந்த ஊழியருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்படுகிறது. பைகளைச் சோதித்துப் பார்க்க மேலும் ஒருவர் நியமிக்கப்படுகிறார்.

இதனால் சிக்கல் தீர்ந்துவிடுமா? சோதிப்பவர் கெட்டுப்போன பைகளைப் பிரித்து எடுக்கலாம். ஆனால், அப்பைகள் உருவாவதை அவரால் தடுக்க முடியாது. மாவு, எண்ணெய், உழைப்பு ஆகிய அனைத்தும் வீணான பிறகே அவர் வேலை தொடங்குகிறது. குறையைக் கண்டுபிடிப்பது வேறு. குறை தோன்றாமல் தடுப்பது வேறு. தர வல்லுநர்கள் கற்கும் முதல் பாடம் இதுவே.

மூன்று எளிய கருவிகள்

குறை தோன்றும் இடத்தைக் கண்டறியப் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை. தாளும் பென்சிலும் போதும்.

முதல் கருவி சரிபார்ப்புத் தாள். எந்தக் குறை, எந்த நாளில், எந்த நேரத்தில் ஏற்பட்டது என்பதை அதில் ஒவ்வொரு கோடாக இட்டுக் குறிக்க வேண்டும். முறுக்குத் தொழிற்கூடத்தில் ஐந்து நாள்களுக்கு இவ்வாறு குறித்ததில் 40 பைகள் சரியாக ஒட்டப்படவில்லை என்று தெரிகிறது. அவற்றுள் 31 பைகள் காலை 8 மணிக்கும் 8.30 மணிக்கும் இடையில் ஒட்டப்பட்டவை. அந்த ஐந்து நாள்களில் காலை வேலையைப் பார்த்தவர் ஒருவர் அல்லர், மூவர். அப்படியென்றால், ஒருவருடைய கவனக்குறைவு மட்டுமே இதற்குக் காரணமாக இருக்க முடியாது.

இரண்டாவது கருவி மீன்முள் வரைபடம். ஜப்பானியப் பேராசிரியர் கவோரு இஷிகாவா இதனை உருவாக்கினார். மீனின் தலைப்பகுதியில் சிக்கலை எழுத வேண்டும். முதுகெலும்பிலிருந்து பிரியும் முட்களில் மனிதர், இயந்திரம், மூலப்பொருள், வேலைமுறை எனக் காரணங்களை வகைப்படுத்தி எழுத வேண்டும். அவ்வாறு எழுதும்போது, மனிதர் என்பது பல முட்களுள் ஒன்றே என்பது எல்லாருக்கும் புரியும்.

மூன்றாவது கருவி ‘ஏன்’ என்னும் கேள்வி. டொயோட்டா நிறுவனம் இக்கேள்வியை ஐந்து முறை கேட்கும் பழக்கத்தை வளர்த்தது. முறுக்கு ஏன் நமத்தது? பைக்குள் காற்று புகுந்தது. காற்று ஏன் புகுந்தது? பையின் வாய் சரியாக ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை? ஒட்டும் இயந்திரம் போதிய அளவு சூடாகவில்லை. ஏன் சூடாகவில்லை? இயந்திரத்தை முடுக்கியவுடனே வேலை தொடங்கிவிட்டது. ஏன் உடனே தொடங்கியது? எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

ஐந்தாவது விடையில்தான் உண்மையான காரணம் இருக்கிறது. எச்சரிக்கைக் கடிதம் பெற்ற ஊழியருக்கு, காலையில் இயந்திரம் சூடாகச் சிறிது நேரம் ஆகும் என்பது முன்பே தெரியும். ஆனால், அவரிடம் எவரும் கேட்கவில்லை. தாமாகச் சொன்னால் சாக்குச் சொல்வதாக நினைப்பார்களோ என்று அஞ்சி அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

அறிவைப் பரப்பிய சங்கம்

வேலை செய்பவரைப் பேச வைத்தால்தான் தரம் உயரும் என்னும் எண்ணம் எப்படிப் பரவியது? இதில் தர வல்லுநர்களின் சங்கங்களுக்கு முக்கியப் பங்கு உண்டு.

இரண்டாம் உலகப் போரில் தோல்வியுற்ற ஜப்பான் வறுமையில் வாடியது. அந்நாட்டுப் பொருள்கள் மலிவானவை, தரமற்றவை என்னும் பெயரைப் பெற்றிருந்தன. 1946ஆம் ஆண்டு ஜப்பானிய அறிவியலாளர், பொறியாளர் சங்கம் தொடங்கப்பட்டது. அச்சங்கம் 1950ஆம் ஆண்டு அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங்கை உரையாற்ற அழைத்தது. அவருடைய உரைகள் நூலாக வெளியிடப்பட்டு விற்பனையாயின. அந்நூலின் வருவாயில் தமக்குரிய பங்கை டெமிங் சங்கத்திற்கே வழங்கினார். அத்தொகையைக் கொண்டு 1951ஆம் ஆண்டு டெமிங் பரிசு நிறுவப்பட்டது. ஓர் உரைத்தொகுப்பிலிருந்து, தரத்திற்கான புகழ்பெற்ற பரிசு ஒன்று பிறந்தது.

ஆயினும், அந்த உரைகளைப் பெரும்பாலும் பொறியாளர்களும் நிர்வாகிகளுமே கேட்டார்கள். தொழிற்சாலையில் இயந்திரத்தின் அருகே நிற்பவர்களுக்கு அந்த அறிவு எட்டவில்லை. எனவே, 1962ஆம் ஆண்டு அதே சங்கம் வேலைத்தளக் குழுத்தலைவர்களுக்காக ஓர் இதழைத் தொடங்கியது. அவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் வாங்கக்கூடிய குறைந்த விலைக்கு அது விற்கப்பட்டது. தனியாகப் படித்தால் பலர் பாதியில் விட்டுவிடுவார்கள் என்பதை இஷிகாவா உணர்ந்திருந்தார். அதனால், சிறு குழுக்களாகக் கூடிப் படிக்குமாறும், படித்ததைத் தங்கள் வேலையில் செய்து பார்க்குமாறும் அவர் ஊக்குவித்தார். அப்படித் தோன்றிய குழுக்களே ‘தரக்கட்டுப்பாட்டு வட்டங்கள்’. ஒரே வேலையிடத்தைச் சேர்ந்த சிலர் ஒன்றுகூடி, தங்கள் வேலையில் உள்ள சிக்கலைத் தாங்களே ஆராய்ந்து தீர்ப்பதே ஒரு வட்டத்தின் பணி.

சிங்கப்பூருக்கு வந்த தேனீ

சிங்கப்பூரில் 1972ஆம் ஆண்டு தேசிய உற்பத்தித்திறன் வாரியம் அமைக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு உற்பத்தித்திறன் இயக்கம் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு ‘டீமி’ என்னும் தேனீ அவ்வியக்கத்தின் சின்னமாக அறிமுகமானது. கூட்டில் எல்லாத் தேனீக்களும் சேர்ந்து உழைப்பதைப் போல, வேலையிடத்திலும் மக்கள் ஒன்றுசேர்ந்து உழைக்க வேண்டும் என்பதை அது உணர்த்தியது. 1983ஆம் ஆண்டு முதல் 1990ஆம் ஆண்டு வரை ஜப்பானிய வல்லுநர்கள் ஒரு கூட்டுத் திட்டத்தின் மூலம் சிங்கப்பூரர்களுக்குப் பயிற்சியளித்தனர். தரக்கட்டுப்பாட்டு வட்டங்கள் இங்கும் பரவின.

வெவ்வேறு தாய்மொழி பேசுவோர் ஒன்றாக வேலை செய்யும் நாட்டில் இக்கருவிகள் மிகவும் பொருத்தமானவை. நீண்ட அறிக்கை எழுதத் தயங்கும் ஒருவரும் சரிபார்ப்புத் தாளில் கோடிட முடியும். ஐந்து நாள் கோடுகளைப் பார்த்தால், எந்த மொழி பேசுபவருக்கும் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

இந்தியாவிலும் இதே காலத்தில் இந்த எண்ணம் வேரூன்றியது. 1982ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் இந்தியத் தர வட்ட மன்றம் தொடங்கப்பட்டது. 1998ஆம் ஆண்டு சென்னைப் பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, டெமிங் பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் என்ற சிறப்பைப் பெற்றது. 2002ஆம் ஆண்டு ஓசூரைச் சேர்ந்த டிவிஎஸ் மோட்டார் நிறுவனமும் அப்பரிசை வென்றது. ஜப்பானில் ஓர் உரைத்தொகுப்பின் வருவாயால் உருவான பரிசு, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் உழைப்பையும் சிறப்பித்தது.

சங்கம் எதற்கு?

இன்று சிங்கப்பூர்த் தரக் கழகம் போன்ற அமைப்புகள் தரத்துறையில் பணியாற்றுவோருக்குப் பயிற்சி வகுப்புகளை நடத்துகின்றன. பொதுவாக, இத்தகைய சங்கங்கள் பல்வேறு நடவடிக்கைகளுக்கு ஏற்பாடு செய்யும். வல்லுநர்கள் உரையாற்றுவார்கள். உறுப்பினர்கள் மற்றவர்களின் தொழிற்சாலைகளை நேரில் சென்று பார்ப்பார்கள். அனுபவம் மிக்கவர்கள் புதியவர்களுக்கு வழிகாட்டுவார்கள். குழுக்கள் தாங்கள் தீர்த்த சிக்கல்களைப் பிறர்முன் படைக்கும் போட்டிகளும் நடைபெறும். நூல்கள், இதழ்கள், மாதிரிப் படிவங்கள், உண்மை நிகழ்வுகளின் தொகுப்புகள் ஆகியவை உறுப்பினர்களுக்குக் கற்றல் வளங்களாக அமையும்.

இவற்றுள் மிகவும் பயனுள்ளது, பிறருடைய தவற்றிலிருந்து கற்கும் வாய்ப்பு. ஓர் உணவுத் தொழிற்கூடத்தில் கண்டறிந்த பாடம், இயந்திர பாகங்கள் செய்யும் பட்டறைக்கும் மருத்துவமனைக்கும் உதவக்கூடும். சிறிய நிறுவனங்களால் தனியாக ஒரு தர வல்லுநரை நியமிக்க முடியாமல் போகலாம். ஆனால், அவற்றின் ஊழியர் ஒருவர் சங்கக் கூட்டத்திற்குச் சென்று வந்தால், பலருடைய அனுபவத்தை ஒரே மாலையில் கேட்டு வரலாம்.

இருப்பினும், கூட்டம் நடத்துவதும் சான்றிதழை மாட்டி வைப்பதும் மட்டுமே தரம் ஆகிவிடாது. ஊழியர்கள் கூறும் கருத்துகளை நிர்வாகம் செவிமடுத்துச் செயல்படுத்த வேண்டும். இல்லாவிட்டால், அவர்கள் மீண்டும் மௌனமாகிவிடுவார்கள்.

முறுக்குத் தொழிற்கூடத்தில் என்ன நடந்தது? இயந்திரத்தின் அருகே ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அளவி தேவையான வெப்பத்தைக் காட்டிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும் என்றும், முதல் பத்துப் பைகளை அழுத்திப் பார்க்க வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அந்த வாசகத்தை எழுதித் தரும்படி, எச்சரிக்கைக் கடிதம் பெற்ற அதே ஊழியரை மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டார். கடிதமும் திரும்பப் பெறப்பட்டது.

தவறு நேரும்போது “யார் செய்தது?” என்று கேட்பது எளிது. “ஏன் நேர்ந்தது?” என்று கேட்கப் பொறுமை வேண்டும். விடையைச் சொல்பவர் அஞ்சாமல் பேசக்கூடிய சூழலும் வேண்டும். இது தொழிற்சாலைக்கு மட்டுமன்று, வகுப்பறைக் குழுவேலைக்கும் இணைப்பாட நடவடிக்கைக்கும் பொருந்தும்.